நாக்பூரிலிருந்து நேராக

காலை ஆறு நாற்பதுக்கு நாக்பூரில் கூடைகளைத் திறந்தார்கள்.

அந்த வீடியோ இரண்டு நிமிடத்தில் புத்தூருக்கு வந்தது. ஷோபா மொட்டைமாடியில் நின்று பார்த்தாள். வெட்டவெளி, ஒரு வேன், வரிசையாகக் கூடைகள். பந்தயச் சங்கத்து ஆள் தரணி கயிற்றை இழுத்தான். மூடிகள் ஒன்றாக விழுந்தன. நாற்பத்தொரு புறாக்கள் எழுந்து, ஒரு வட்டமடித்து, தெற்கே திரும்பின. அவற்றில் ஒன்று அவளுடையது. எது என்று தெரியவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டினாள். அப்போதும் தெரியவில்லை.

கணவன் தணிகைவேல் படியேறி வந்தான். காக்கிச் சட்டை, தோளில் பை. திருப்பதி–புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வுட்டுட்டாங்களா?"

"வுட்டாச்சு."

"போன்ல பாத்தேன். நாக்பூர்ல இருந்து நம்ம ஊருக்கு ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர். கார்லயே இருவது மணி நேரம் காட்டுது."

"அது ரோடு, மாமா."

"ரோடு இல்லாம?"

"நேரா வரும். நேரா வந்தா எண்ணூத்தி அம்பத்தஞ்சு."

"நடுவுல டீ குடிக்க நிக்காதா?"

"நிக்காது."

"எங்க டிரைவருக்கு இத்தக் காட்டணும்." பையைச் சரிசெய்துகொண்டான். "ஒண்ணு சொல்லிட்டேன். மொதல்ல வந்தாத்தான். பேச்சு மாறக் கூடாது."

"நீ மாறாம இரு."

பேச்சு பொங்கலன்று முடிவானது. தணிகைவேலுக்கு மொட்டைமாடியில் இரண்டு ரூம் கட்ட வேண்டும். என்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் ரூம் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தார்கள். ரூம் வரவேண்டிய இடத்தில் ஷோபாவின் புறாக் கூண்டு இருந்தது. நாலு மாதம் சண்டை. கடைசியில் இப்படித் தீர்ந்தது. நாக்பூர் பந்தயத்தில் அவள் புறா முதலாவதாக வந்தால் கூண்டு இருக்கும். இரண்டாவதாக வந்தாலும் போகும்.

தணிகைவேல் யோசிக்காமல் ஒப்புக்கொண்டான். மூன்று வருடத்தில் அவள் புறா முதல் ஐந்துக்குள் வந்ததில்லை. வெள்ளிக்கிழமையே செங்கல்லை மேலே ஏற்றி, நீலத் தார்ப்பாயால் மூடிவிட்டான்.

ஷோபா ஒரு புத்தூர்க் கட்டு வைத்தியசாலையில் டோக்கன் கொடுப்பவள். கை கால் ஒடிந்தவர்கள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, மாடியில் ஒரு புறா நின்றிருந்தது. காலில் வளையம். அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். சித்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தேவேந்திரன் எடுத்தார். வீடு திரும்பும் பந்தயப் புறாக்களை வளர்ப்பவர்களின் சித்தூர் ஹோமர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். புறாவை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதற்காக யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை என்றார் அவர். அவள் ஒரு ஜோடி கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஜோடி கொடுத்தார்.

இப்போது அவளிடம் பதினெட்டு இருந்தன. நாக்பூருக்குப் போனது ஒரு சாம்பல் பெட்டை. வளைய எண் நானூற்றுப் பன்னிரண்டு. அதன் கூட்டில் இரண்டு முட்டைகள், பத்து நாள் ஆனவை. ஆண் புறா அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. முட்டையை விட்டுப் போன பெட்டை வழியில் தங்காது. அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டில் இரண்டு வருடம் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

பந்தயத்தின் கணக்கு எளிது. முதலில் வீடு சேரும் புறாவே ஜெயிக்கும் என்றில்லை. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தூரத்தில் இருக்கிறது. தூரத்தை நிமிடத்தால் வகுப்பார்கள். நிமிடத்துக்கு அதிக மீட்டர் பறந்தது எதுவோ அதுவே முதல். மாடியில் வந்து நின்றால் போதாது. கூண்டுக்குள் போக வேண்டும். பந்தயத்துக்கென்று காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, உள்பக்கம் எழுதிய ரகசிய எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். போட்டோ விழும் நிமிடம்தான் நேரம்.

நாக்பூரிலிருந்து அன்றைக்கே வந்த புறா சங்கத்தில் இதுவரை இல்லை. எல்லாம் மறுநாள்தான் வரும்.

பத்து மணிக்குக் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தது. திருப்பதியிலிருந்து பவன்குமார் எழுதினான். தெலுங்கு வீட்டுப் பையன். செல்போன் ரிப்பேர் கடை. போன வருடம் இரண்டு பந்தயம் ஜெயித்தவன்.

"புத்தூருக்கு எலும்பு ஒடஞ்சவங்கதான் போவாங்க. ஷோபா அக்கா புறாவுக்கு எந்தக் காலு?"

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

ஷோபா பதில் போட்டாள். "உன் புறா வழி தவறி இங்க வந்தா டோக்கன் போட்டு வைக்கிறேன்."

அதற்கும் சிரிப்புப் பொம்மைகள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காற்று வடக்கிலிருந்து வந்தது. கொடியில் கிடந்த புடவை தெற்கே நீண்டு நின்றது. நல்லது. மதியம் வரை அப்படியே நின்றது. வடக்கே மலைக்கு மேல் வானம் வெள்ளையாக இருந்தது. ஒரு மணிக்குப் புறா ஐதராபாத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நான்கு மணிக்கு நல்லமலைக் காட்டை. தாண்டியதா என்று கேட்க ஆள் இல்லை.

தணிகைவேல் டூட்டி முடிந்து நாலரைக்கு வந்தான். தார்ப்பாயின் மேல் உட்கார்ந்தான்.

"சோறு துன்னியா?"

"அப்புறம்."

"நீ துன்னாம இருந்தா அது வேகமா வருமா?"

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் கீழே போய்த் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தான். அவள் நின்றபடியே சாப்பிட்டாள்.

ஆறு இரண்டுக்குப் போன் அதிர்ந்தது. பவன்குமாரின் போட்டோ. ரப்பர் வளையம், எண். நாக்பூரிலிருந்து ஒரே நாளில் வந்த சங்கத்தின் முதல் புறா. குரூப் கைதட்டியது.

தணிகைவேல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "முடிஞ்சதா அப்ப?"

"முடியல. அவன் வீடு கிட்ட. எண்ணூத்தி முப்பத்தி மூணுதான்." அவள் போனிலேயே வகுத்தாள். நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூற்று இருபத்தோரு மீட்டர். தன் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தாள். "எழுநூறு நிமிஷம். ஆறு இருவதுக்கு முன்னாடி உள்ள போயிட்டா நம்மது."

"இன்னும் பதினெட்டு நிமிஷம்."

"பதினேழு."

ஆறு எட்டுக்கு வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. காக்கை என்றான் தணிகைவேல். காக்கை அப்படி இறக்கையடிக்காது. புள்ளி நேராக வந்தது. தெருவின் மேல் வந்ததும் இறக்கையை மடக்கி இறங்கியது. சாம்பல் நிறம், இரண்டு கறுப்புப் பட்டை.

மாடிக்கு ஓராள் உயரம் இருக்கும்போது மறுபடி மேலே எழுந்தது.

வட்டமடித்தது. இறங்கியது. எழுந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தது.

ஷோபா பட்டாணி டப்பாவைக் குலுக்கினாள். புறா அசையவில்லை. ஆறு பத்து. மறுபடி குலுக்கினாள். காற்றில் தார்ப்பாய் படபடத்தது. புறா ஓரடி பின்னால் நகர்ந்தது.

அது நாக்பூருக்குப் போகும்போது மாடியில் அந்த நீலம் இல்லை.

"மாமா, அத எடு!"

"எத்த?"

"தார்ப்பாய! அதுக்குப் பயந்துக்கினு நிக்குது!"

தணிகைவேல் அவளைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். செங்கல்லைப் பார்த்தான். அதற்கு ஒரு நொடி ஆனது. பிறகு தார்ப்பாயை உருவி, சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் குனிந்து மறைந்தான்.

ஆறு பன்னிரண்டு. புறா தொட்டியை விட்டு எழுந்தது. கூண்டுப் பலகையில் இறங்கியது. உள்பக்கமாக மட்டும் திறக்கும் கம்பிக் கதவைத் தலையால் தள்ளி உள்ளே போனது. நேரே முட்டைக்குப் போய் ஆண் புறாவை இடித்து நகர்த்தியது. ஷோபா கையை விட்டு அதைப் பிடித்தாள். உடம்பு சூடாக இருந்தது. எடையே இல்லை. வளையத்தைக் கழற்றினாள். போட்டோ.

ஆறு பதினாலு.

படிக்கட்டிலிருந்து தணிகைவேலின் தலை எழும்பியது. "இன்னாச்சு?"

"ஜெயிச்சிட்டேன்."

அவன் தார்ப்பாயோடு அங்கேயே படியில் உட்கார்ந்தான்.

லிஸ்ட் ஏழு மணிக்கு வந்தது. தேவேந்திரன் கையால் எழுதி, போட்டோ எடுத்துப் போடுவார். அவள் சமையலறையில் நின்று திறந்தாள். ஒன்று, பவன்குமார், 833 கிலோமீட்டர், 682 நிமிடம். இரண்டு, ஷோபா, 833 கிலோமீட்டர், 694 நிமிடம்.

எண்ணூற்று முப்பத்து மூன்று, இரண்டு முறை.

தணிகைவேல் அதைப் பார்த்தான். தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்தான்.

"ரெண்டாவதுன்னா ரெண்டாவதுதான?" என்றான் மெதுவாக.

அவள் தேவேந்திரனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, என் தூரம் எண்ணூத்தி அம்பத்தஞ்சு. நீங்க திருப்பதி தூரத்தப் போட்டுக்கீறீங்க."

"திருப்பதி ஜில்லாதானேம்மா நீ."

"ஜில்லா திருப்பதி. ஊரு புத்தூரு."

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். "இப்பத்தான் புரியுது. முன்ன எல்லாருமே சித்தூர் ஜில்லா. ஜில்லாவப் பிரிச்சப்போ திருப்பதி ஆளுங்களத் தனியா எழுதி, மேல ஒரு தூரத்தப் போட்டேன். எல்லாரும் டவுன்லயே இருந்தாங்க. அப்புறம் நீ வந்து சேந்த. அந்தப் பக்கத்துலயே உன் பேர எழுதிட்டேன்."

"மாத்துங்க."

"எப்படிம்மா? கூடையில போடற அன்னிக்கே லிஸ்ட்ட எல்லார்கிட்டயும் காட்டினேன். கையெழுத்து போட்டிருக்க. நான் மாத்தினா பவன்குமார் சும்மா இருப்பானா? நாக்பூர்ல இருந்து பாத்தா திருப்பதியும் புத்தூரும் ஒண்ணுதான்னு சொல்லுவான். பெரிய வித்தியாசம் இன்னா இருக்கு?"

ஷோபா பதில் சொல்ல வாயெடுத்தாள். போன் அவள் கையில் இல்லை.

"இன்னாது, ஒண்ணா?" என்றான் தணிகைவேல்.

"யாரு பேசறது?"

"கண்டக்டர் பேசறேன்." அவன் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலாகியிருந்தது. "திருப்பதிக்கும் புத்தூருக்கும் தூரம் இல்லன்னா, இருவத்தோரு வருசமா நான் இன்னாத்துக்கு டிக்கெட் கிழிச்சிக்கினு கீறேன்? ஒரு நாளைக்கு ஆறு நடை. நடுவுல ரேணிகுண்டா கிராஸ், வடமாலப்பேட்டை. ஏறி உக்காந்து பாருங்க. நின்னுக்கினு வந்து பாருங்க. இடுப்பு சொல்லும் தூரம் கீதா இல்லியான்னு."

"அய்யா, அது ரோடு..."

"ரோடோ வானமோ. திருப்பதியில ஒரு புறா எறங்கிடுச்சு. அதே நேரத்துல எங்க வூட்டுப் புறா இன்னும் பறந்துக்கினு கீது. பறந்துச்சா இல்லியா? அந்தத் தூரத்த யாரு பறந்தா, நீங்களா?"

மறுமுனையில் மறுபடி தாள் புரண்டது.

ஷோபா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காது சிவந்திருந்தது. தான் யாருக்காகப் பேசுகிறோம் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை.

"பவன்குமார் ஒத்துக்கிட்டா மாத்தறேன்" என்றார் தேவேந்திரன். "அவன் முன்னாடி அளக்கணும். அவ்ளோதான் என்னால முடியும்."

அவள் போனை வாங்கிப் பவன்குமாரை அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் பின்னால் ஆட்கள் பாட்டுப் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவன் வெளியே வந்தான். பாட்டு தேய்ந்தது.

"அக்கா, நிஜம் செப்பண்டி, உண்மையச் சொல்லுங்க. முப்பத்தி மூணா, அம்பத்தஞ்சா?"

"அம்பத்தஞ்சு. நீயே வந்து அளந்துக்கோ."

"வரேன்" என்றான். "காலையில வரேன்."

ஞாயிறு ஒன்பது மணிக்குத் தணிகைவேல் பஸ் புத்தூரில் நின்றது. நடைக்கு நடுவே இருபது நிமிடம். டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பவன்குமாரை வீட்டுக்கு அழைத்துவந்தான். ஒல்லியான பையன். தூங்கியவன் போலத் தெரியவில்லை.

"டிக்கெட் குடுத்துட்டேன்" என்றான் தணிகைவேல் படியேறும்போதே. "ஒரே ஊருக்குள்ள எதுக்கு டிக்கெட்டுன்னு கேக்கல. அப்பவே தூரத்த ஒத்துக்கினான்."

"அண்ணா வழி பூரா இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு, அக்கா" என்றான் பவன்குமார். "ஒவ்வொரு ஸ்டாப்லயும் என்னை எழுப்பிக் காட்டினாரு."

மாடியில் தேவேந்திரனை வீடியோவில் அழைத்தார்கள். சித்தூர்க் கடையில், காயில்களுக்கு நடுவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவன்குமார் கூண்டின் வாசலுக்குப் போனான். தன் போனைக் கம்பிக் கதவுக்கு நேராகப் பிடித்தான். மேப்பில் ஒரு நீலப் புள்ளி நின்றது. தரணி அனுப்பியிருந்த நாக்பூர் இடத்தை அதில் போட்டான். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. காடு, ஆறு, மூன்று மாநிலம், ஒரே கோடு.

கூண்டுக்குள் ஒரு புறா கூவியது.

"எவ்ளோ?" என்றார் தேவேந்திரன்.

பவன்குமார் வாய்விட்டுப் படித்தான். "எண்ணூத்தி அம்பத்தஞ்சு."

மற்றதையும் அவனே செய்தான். யாரும் கேட்கவில்லை. கால்குலேட்டரைத் திறந்து, வகுத்து, திரையைத் தேவேந்திரனுக்குக் காட்டினான். ஷோபா, நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு மீட்டர். பவன்குமார், ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்று.

"பதினோரு மீட்டர்" என்றான். "அடப்பாவி, பதினோரு மீட்டர்." பிறகு அவளைப் பார்த்தான். "ஃபஸ்ட்டு நீங்கதான், அக்கா. நானே எழுதறேன்."

குரூப்பில் அவனே எழுதினான். நாக்பூர், முதல் இடம், ஷோபா, புத்தூர். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டான். எந்தக் காலு என்று நேற்று சிரித்தவர்களிடமிருந்து கைதட்டல்கள் விழ ஆரம்பித்தன. போன் அவன் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது.

ஷோபா அந்த வரியை ஒரு முறை படித்தாள். உரக்கப் படித்தாள். கீழே தெருவில் போன ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஷோபா அவளுக்கும் ஒரு முறை படித்துக் காட்டினாள்.

தணிகைவேல் செங்கல் அடுக்கின் முன்னால் நின்றான். மேல் வரிசையை எண்ணுவதுபோல் விரலை ஓட்டினான். பாதியில் விட்டான்.

"நேத்து நான் சும்மா இருந்திருந்தா..." என்றான்.

"ரூம் வந்திருக்கும்."

"நீயாச்சும் என் வாய மூடியிருக்கலாம்ல?"

"நான் எதுக்கு மூடணும்? இருவத்தோரு வருசத்துல அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதே இல்ல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பை அடக்குவது முதுகிலேயே தெரிந்தது. "எப்ப எறக்கறது இத்தெல்லாம்?"

"உனுக்கு எப்ப லீவு?"

"நாளைக்கு." இரண்டு செங்கல்லை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "போற போக்குல ரெண்ட எறக்கிட்டுப் போறேன். நட டைம் ஆச்சு. டேய் பவனு, வா. திருப்பதிக்கு டிக்கெட் எடுக்கணும்."

பவன்குமாரும் இரண்டு செங்கல்லை எடுத்துக்கொண்டான். இருவரும் படியிறங்கினார்கள்.

ஷோபா கூண்டைத் திறந்தாள். சாம்பல் பெட்டை முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில் தேவேந்திரன் இன்னும் இருந்தார். புது லிஸ்ட்டின் பக்கத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

"அடுத்த மாசம் ஜான்சி. ஆயிரத்து முன்னூறுக்கு மேல. நம்ம சங்கத்துல இதுவரைக்கும் யாரும் அங்க இருந்து வுட்டது இல்ல. மொதல் பேரா உன் பேர எழுதிக்கட்டுமா, ஷோபா?"